பாடப்புத்தகத்திலிருந்து நழுவும் பக்கங்கள்

பள்ளியில் பரிணாமத்தைச் சொல்லித்தரலாமா, கூடாதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அமெரிக்காவின் பெயர் அடிபடும். அங்கே நூறாண்டுகளாக இந்தப் பாடம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறது. ஆனால் அந்த வழக்குகளைப் பற்றி நம்மிடையே உலவும் கதைகளில் பல, நடந்தவற்றோடு பொருந்துவதில்லை. பரபரப்பான வழக்குகளைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மாணவர்களுக்கு உண்மையான இழப்பு வேறு இடத்தில், சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

நம்பிக்கை: 1925-இல் நடந்த 'குரங்கு வழக்கில்' அறிவியல் வென்றது.

இப்படி நினைப்பவர்களின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் 1960-இல் வெளிவந்த 'இன்ஹெரிட் தி விண்ட்' திரைப்படம், அல்லது அதற்கு மூலமான 1955-ஆம் ஆண்டு நாடகம். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றி எழுதப்பட்ட புனைவு அது.

நடந்தது வேறு. 1925 மார்ச்சில் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதைக் கொண்டுவந்தவர் ஜான் பட்லர், விவசாயம் பார்த்துக்கொண்டே சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். விவிலியம் சொல்லும் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கின் வழியில் வந்தவன் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பது குற்றம் என்றது சட்டம். இதை எதிர்க்கத் துணியும் ஆசிரியருக்காக நாங்கள் வாதாடுகிறோம் என்று அமெரிக்கக் குடிமை உரிமைச் சங்கம் செய்தித்தாளில் அறிவித்தது. டேட்டன் என்ற சிற்றூரின் பிரமுகர்கள் அந்த அறிவிப்பைப் பார்த்தார்கள். வழக்கு இங்கே நடந்தால் ஊர் பெயர் பெறும் என்று உள்ளூர் மருந்துக்கடையில் கூடிப் பேசி, ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியரை அழைத்துச் சம்மதிக்க வைத்தார்கள். விளையாட்டுப் பயிற்சியாளரான ஸ்கோப்ஸ், உயிரியல் ஆசிரியருக்கு உடல்நலம் சரியில்லாத நாட்களில் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொண்டவர். பரிணாமப் பாடத்தைத் தாம் நடத்தினோமா என்பதுகூட அவருக்கு நிச்சயமில்லை.

அந்த மருந்துக்கடையில் பாடப்புத்தகங்களும் விற்றார்கள். அரசே ஒப்புதல் தந்திருந்த 'எ சிவிக் பயாலஜி' என்ற உயிரியல் நூலில் பரிணாமம் இருந்தது. ஆசிரியர் அரசு சொன்ன புத்தகத்தை நடத்தியாக வேண்டும். நடத்தினால் அரசு போட்ட சட்டப்படி குற்றவாளி.

ஜூலை மாதம் விசாரணை நடந்தது. சிகாகோ வானொலி நிலையம் ஒன்று அதை நேரடியாக ஒலிபரப்பியது. ஸ்கோப்ஸ் தரப்பில் கிளாரன்ஸ் டாரோ, அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். டாரோ பிரையனையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட காட்சி உலகப் புகழ்பெற்றது. ஆனால் தீர்ப்பு? ஸ்கோப்ஸ் குற்றவாளி, அபராதம் 100 டாலர். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக, குற்றவாளி என்றே தீர்ப்பளிக்கும்படி டாரோவே ஜூரிகளைக் கேட்டுக்கொண்டார். அந்த வழியும் அடைபட்டது. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை நீதிபதி விதிக்கக் கூடாது, ஜூரிகள்தான் விதிக்க வேண்டும் என்று சொல்லி, டென்னசி உச்ச நீதிமன்றம் 1927-இல் தண்டனையை ரத்து செய்தது. சட்டம் செல்லும் என்றும் சொல்லிவிட்டது. தண்டனையே இல்லாதபோது எதை எதிர்த்து மேலே போவது? 1967 வரை அந்தச் சட்டம் அப்படியே இருந்தது. இதற்குள் மிசிசிப்பியும் ஆர்கன்சாவும் அதே வகைச் சட்டங்களை இயற்றிவிட்டன.

சட்டத்தைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது அச்சம். புத்தகம் விற்க வேண்டிய பதிப்பாளர்கள் வம்பே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். வழக்கில் அடிபட்ட அதே நூலின் திருத்திய பதிப்பிலேயே பரிணாமப் பகுதி வெட்டிச் சுருக்கப்பட்டது. மற்ற பாடநூல்களிலும் டார்வினுக்கான இடம் குறைந்துகொண்டே போனது. எந்த நீதிமன்றமும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவிய பிறகுதான், நம் பிள்ளைகளுக்கு அறிவியலைச் சரியாகக் கற்பிக்கவில்லையோ என்ற பதற்றம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. அரசுப் பணத்தில் புதிய உயிரியல் நூல்கள் எழுதப்பட்டு 1963 வாக்கில் வகுப்புக்கு வந்தன. பரிணாமமும் அவற்றோடு திரும்பி வந்தது. இடையில் பலர் அதைச் சரிவரப் படிக்காமலே பள்ளியை முடித்துவிட்டார்கள்.

பிரையனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர், வெளியுறவுத் துறை அமைச்சராக இருந்தவர். படம் காட்டுவதுபோல வெறும் மூடநம்பிக்கைக்காரர் அல்லர். வலுத்தவன் வாழ்வான் என்று சொல்லி எளியவர்களை நசுக்க டார்வினின் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. டேட்டன் பள்ளியின் அந்த உயிரியல் நூலிலேயே இனங்களை மேல், கீழ் என்று வரிசைப்படுத்தும் பக்கங்களும், 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்ற வாதமும் இருந்தன. அவை அறிவியல் அல்ல, அக்காலத்து வெறுப்பு. அவரது கவலையில் நியாயம் இருந்தது. அதற்கு அவர் தேடிய மருந்துதான் தவறு.

நம்பிக்கை: இது ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் நடக்கும் சண்டை.

1981-இல் ஆர்கன்சா மாநிலம், பரிணாமத்துக்குச் சமமாகப் 'படைப்பு அறிவியலையும்' கற்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதை எதிர்த்து முதலில் நீதிமன்றம் போனவர்களின் பட்டியலைப் பாருங்கள்: மெதடிஸ்ட், எபிஸ்கோபல், கத்தோலிக்க ஆயர்கள், பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைத் தலைவர், யூத அமைப்புகள். வழக்குக்குப் பெயர் தந்த மெக்லீன், மெதடிஸ்ட் போதகர். இறைநம்பிக்கையை அறிவியல் வேடம் போட்டு வகுப்பறைக்குள் அனுப்புவது இறைநம்பிக்கைக்கே இழுக்கு என்று அவர்கள் கருதினார்கள். 1982 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஓவர்டன் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றார்.

இருபதாம் நூற்றாண்டில் பரிணாமத்தையும் மரபியலையும் இணைத்த முன்னோடிகளில் ஒருவரான தியோடோசியஸ் டொப்ஜான்ஸ்கி இறைநம்பிக்கை உள்ளவர். பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதினார்.

நம்பிக்கை: அமெரிக்காவில் படைப்புக் கதைகளைப் பள்ளியில் பேசவே தடை.

இல்லை. மதநூல்களை இலக்கியமாகவும் வரலாறாகவும் அரசுப் பள்ளிகளில் படிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இலேயே சொல்லிவிட்டது. அவற்றை அறிவியல் வகுப்பில் அறிவியலாகச் சொல்வதற்குத்தான் தடை.

நம்பிக்கை: இரண்டு பக்கத்தையும் சொல்லிக்கொடுத்து, மாணவர்களையே முடிவெடுக்கச் சொல்வதுதான் நியாயம்.

கேட்க நியாயமாகவே இருக்கும் வாதம் இது. அதனாலேயே அதிகம் பரவுகிறது.

லூசியானா மாநிலம் 1981-இல் 'சமநிலை' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது. பரிணாமம் நடத்தினால் படைப்பு அறிவியலையும் நடத்த வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டாலும் குற்றமில்லை. ஓர் ஆசிரியரின் இடத்தில் நின்று பார்த்தால் இதன் விளைவு புரியும். வம்பை விலக்க எளிய வழி, இரண்டையும் தொடாமல் அடுத்த பாடத்துக்குப் போவது. 1987-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. நோபல் பரிசு பெற்ற 72 விஞ்ஞானிகள் சட்டத்தை எதிர்த்து மனு அளித்திருந்தார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் 'அறிவார்ந்த வடிவமைப்பு'. உயிர்களின் நுட்பத்தைப் பார்த்தால் யாரோ ஒருவர் வடிவமைத்தது தெரிகிறது, அவர் யாரென்று நாங்கள் சொல்லவில்லை என்பது அதன் வாதம். 2004 அக்டோபரில் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக்காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு, மாற்றுக் கருத்தை அறிய 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற நூலைப் படிக்கலாம் என்பது அதன் சாரம். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். தங்கள் தொழில் நெறிக்கு அது விரோதம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு நின்றார்கள். நிர்வாகிகள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு அதிக மரியாதை அந்த ஆசிரியர்கள்மீதுதான்.

பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2005 இலையுதிர்காலத்தில் ஆறு வாரம் விசாரணை நடந்தது. பாண்டா நூலின் பழைய வரைவுகளைத் தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரெஸ்ட் நீதிமன்றத்தில் காட்டினார். 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் 'படைப்புவாதிகள்' என்றிருந்த இடங்களில், தீர்ப்பு வந்த அதே ஆண்டு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல் புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றன. சரக்கு ஒன்றே, பெயர்ப்பலகைதான் மாறியது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வடிவமைப்புத் தரப்பின் முக்கிய சாட்சியான மைக்கேல் பீஹி, அறிவியல் கோட்பாட்டுக்குத் தாம் தரும் விளக்கத்தின்படி ஜோதிடமும் அதில் அடங்கும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

தீர்ப்பெழுதிய ஜான் ஜோன்ஸ் அதிபர் ஜார்ஜ் புஷ் நியமித்த நீதிபதி, குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பில், வடிவமைப்புவாதம் அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் மறுவடிவம் என்றார். அதற்கு முன்பே, நவம்பரில் நடந்த வாரியத் தேர்தலில் அந்த முடிவை ஆதரித்தவர்களை டோவர் மக்களே தோற்கடித்திருந்தார்கள்.

இரண்டு பக்கம் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு பக்கமும் சான்றோடு நிற்க வேண்டும். வகுப்பறைக்குள் வரும் எந்தக் கருத்தும் முதலில் ஆய்வுக்கூடத்திலும் களத்திலும் தேறியிருக்க வேண்டும். அந்தத் தேர்வைத் தாண்டாமல் பள்ளி வாரியத்தின் ஓட்டெடுப்பு வழியாகப் பின்வாசலில் நுழையப் பார்த்ததுதான் டோவரில் நடந்தது.

நம்பிக்கை: குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை. எல்லாம் ஊகம்தான்.

இன்றைய குரங்கு எதுவும் மனிதனாகவில்லை. அப்படிப் பரிணாம அறிவியல் சொல்லவும் இல்லை. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையிலிருந்து சிம்பன்சியின் வழி ஒன்றும் நம் வழி ஒன்றும் பிரிந்தன.

பார்க்காததை எப்படிச் சோதிப்பது? டோவர் வழக்கின் முதல் சாட்சியான கென்னத் மில்லர், கத்தோலிக்க நம்பிக்கையுள்ள உயிரியலாளர், இதைத்தான் விளக்கினார். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 48 குரோமோசோம்கள். நமக்கு 46. பொது மூதாதை உண்டென்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? அத்தனை மரபணுக்களும் தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்காது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டிய தழும்பு நம் உடலில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கோட்பாடு தோற்றது. தேடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனைகளிலும் டெலோமியர் என்ற முடிவுக் குறி இருக்கும். நம் இரண்டாம் குரோமோசோமில் அந்த முனைக் குறி நட்டநடுவில், எதிரெதிராக முட்டிக்கொண்டு கிடக்கிறது. குரோமோசோமின் இடையே இறுகியிருக்கும் பகுதியான சென்ட்ரோமியர் ஒன்றே இருக்க வேண்டிய அதில், செயலிழந்த இன்னொன்றின் சுவடும் இருக்கிறது. தோற்கும் வாய்ப்பைத் தானே முன்வைத்து, அதில் ஜெயித்த ஒன்றை ஊகம் என்று தள்ளிவிட முடியாது.

நம்பிக்கை: நம் நாட்டில் இந்தப் பிரச்சினை கிடையாது.

2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு, பள்ளி, கல்லூரிப் பாடங்களில் அதை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. அந்தச் சத்தம் அடங்கிவிட்டது.

சத்தமில்லாமல் நடந்தது வேறு. கொரோனா காலத்துக்குப் பின் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, மத்தியப் பாடத்திட்ட நூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடத்தை 'மரபு' என்று சுருக்கிவிட்டது. 2023-இல் அந்த வெட்டு அச்சு நூலிலும் நிலைபெற்றது. டார்வினைப் பற்றிய குறிப்பு போயிற்று, மனிதப் பரிணாமம் போயிற்று. பரிணாமத்தை 'முன்னேற்றம்' என்று எண்ணிவிடாதீர்கள், அது ஏணிப்படி அல்ல என்று மாணவர்களுக்கு விளக்கிய பகுதியும் போயிற்று. மக்களிடம் உள்ள தவறான எண்ணத்தைத் திருத்தவே எழுதப்பட்ட பக்கங்கள் அவை. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

மதக் காரணத்துக்காக நீக்கினோம் என்று என்.சி.இ.ஆர்.டி. சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது அவர்கள் பதில். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு அந்தப் பதில் உதவாது. கணக்கு, வணிகவியல், வரலாறு என்று பிரிந்து போகிறவர்களே அதிகம். அவர்கள் பரிணாமத்தைப் பள்ளியில் படிக்கும் கடைசி வாய்ப்பு அந்தப் பாடம்தான். தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடமே இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளில் ஒருவருக்கு அது கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை.

நம்பிக்கை: புத்தகத்தில் பாடம் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்கள் 926 பேரிடம் நடத்திய ஆய்வை, மைக்கேல் பெர்க்மன், எரிக் பிளட்சர் என்ற அரசியல் அறிஞர்கள் 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பரிணாமத்தைத் தயங்காமல் கற்பித்தவர்கள் சுமார் 28 விழுக்காடு. படைப்புவாதத்தை ஆதரித்துப் பேசியவர்கள் 13 விழுக்காடு. எஞ்சிய சுமார் 60 விழுக்காட்டினர் இரண்டுக்கும் நடுவே, பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நகர்ந்தவர்கள். இத்தனைக்கும் அது டோவர் தீர்ப்புக்குப் பிறகு எடுத்த கணக்கு. நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்ட கதவை, வகுப்பறைக்குள் தயக்கம் சாத்திவைத்திருந்தது.

ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பரிணாமத்தைத் தனிப் பாடமாகக் கல்லூரியில் படித்திருந்தவர்கள் வகுப்பில் அதற்கு அதிக நேரம் ஒதுக்கினார்கள், தெளிவாகவும் நடத்தினார்கள். ஆசிரியராகப் பயிற்சி பெறும் ஒவ்வோர் உயிரியல் மாணவருக்கும் பரிணாமத்தில் ஒரு முழுப் பாடம் வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் பரிந்துரை. நம் பி.எட். கல்லூரிகளிலும் அதைத் தொடங்கலாம். அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.