கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளும் தொழிலாளர் உடல்நலமும்

1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் உணவு நஞ்சானதால் மாண்டனர். உணவுச் சரக்குடன் கப்பலில் ஏற்றிவரப்பட்ட பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து, கோதுமை மாவில் கலந்ததே இதற்குக் காரணம். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடைபெற்றது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்துக்கும் 1971ஆம் ஆண்டின் விதிகளுக்கும் இத்துயரமே வித்திட்டது.

உண்டவர் மாண்டதை நாடு அறிந்தது. இந்நஞ்சைச் சுமப்போர், கலப்போர், தெளிப்போர் ஆகியோர் படும் தீங்கோ எளிதில் வெளித்தெரிவதில்லை. கொச்சித் துறைமுகத்தை அடுத்த பள்ளுருத்தி, மட்டாஞ்சேரி போன்ற பகுதிகளில் சரக்கு ஏற்றி இறக்குதல் பலருக்கு வாழ்வளித்த தொழிலாகும். இத்தகைய இடங்களில் ஒழுகும் கலன் ஒன்றைத் தோளில் சுமப்பவர், வயலில் மருந்து தெளிப்பவருக்கு நிகரான ஆபத்துக்கு உள்ளாகிறார்.

நஞ்சு செயற்படும் முறை

நரம்புகள் தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் அசெட்டைல்கோலின் என்ற பொருளின் வழியே ஆணை அனுப்புகின்றன. பணி முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அப்பொருளைச் சிதைத்துவிடும். கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்கள் இந்நொதியை முடக்குவதால் ஆணை ஓயாமல் தொடர்கிறது. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், உமிழ்நீரும் வியர்வையும் பெருகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை முக்கியமான அறிகுறிகள்.

மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் போதும் எனப் பலர் எண்ணுவது தவறு. இந்நஞ்சு தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்லும். வெப்பமும் வியர்வையும் நஞ்சு தோலில் ஊறுவதை மிகுவிக்கும். எனவே, மருந்து பட்ட ஆடையை உடனே களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவுதல் முதற்கடமையாகும். பாதிக்கப்பட்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கலத்தின் பெயர்ச்சீட்டையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அட்ரோபின் மருந்தும் மூச்சுக்கு உதவியும் உயிர் காக்கும். முதல் அறிகுறிகள் தணிந்தபின், ஓரிரு நாள்களில் மூச்சுத் தசைகள் தளர்வதும் உண்டு. இதனை இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தையும் 1987இல் விவரித்தனர். ஆதலால் நோயாளி தேறிவிட்டார் என்று விரைவில் வீட்டுக்கு அனுப்புதல் ஆபத்தானது.

விதியும் நடைமுறையும்

உணவுப் பொருளோடு பூச்சிக்கொல்லி சேரும் வகையில் அதனைக் கொண்டுசெல்வதையோ சேமிப்பதையோ 1971ஆம் ஆண்டின் விதிகள் தடைசெய்தன. பாதுகாப்பு உடையை வலியுறுத்தின. கரிமப் பாஸ்பரஸ் வகையைக் கையாளும் பணியாளரின் குருதியில் கோலினெஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் சோதிக்கவும் பணித்தன. நொதி குறைவதை முன்னரே கண்டு, அத்தொழிலாளியை வேறு பணிக்கு மாற்றுவதற்கு இச்சோதனை உதவும்.

ஆலைப் பணியாளருக்கு வருகைப் பதிவேடு உண்டு. நாட்கூலிக்குத் தெளிப்பவருக்கும் சுமப்பவருக்கும் அது பெரும்பாலும் இல்லை. பதிவில் இல்லாதவரை மாதச் சோதனைக்கு அழைப்பது எங்ஙனம்? 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்தி வயல்களில் மருந்து தெளித்தோர் பலர் மாண்டது இக்கேள்வியை மீண்டும் எழுப்பிற்று.

பாரத்தியான் 1974இலும், மெத்தில் பாரத்தியான் 2018இலும் நாட்டில் தடைசெய்யப்பட்டன. தடை ஒரு வழி. தெளிப்போரின் பெயர்களை ஊராட்சியும், சுமப்போரின் பெயர்களைத் தொழிலாளர் நல வாரியமும் பதிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துடன் இணைத்தல் மற்றொரு வழி. பின்னதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு பதிவேடும் அதைப் பேணும் அலுவலரும் இருந்தால் போதும்.