மூளைக்குச் செலுத்தும் ஒலி, வலியைத் தணிக்குமா?

பேசின் பிரிட்ஜ் பகுதியில் இருப்புப்பாதையை ஒட்டி வாழ்வோருக்கு, அதிர்வு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ரயில் கடக்கும்போது அலமாரியிலுள்ள பாத்திரங்கள் தாமே நடுங்குகின்றன. ஒலியும் அதிர்வே. மனிதச் செவிக்கு எட்டாத மிக விரைவான அதிர்வை அல்ட்ராசவுண்ட் என்கிறோம். அதனை ஒரு புள்ளியில் குவித்து மூளைக்குள் செலுத்தினால் வலி குறையுமா என்று நோயாளிகள் சிலர் எங்களிடம் கேட்கின்றனர். கருப்பையைப் பார்க்கும் ஸ்கேன் வேறு, மூட்டுவலிக்குப் பிசியோதெரபியில் பசை தடவித் தேய்க்கும் கருவி வேறு, இது வேறு.

வலிக்கு மூளையை ஏன் நாட வேண்டும்? சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும், கால் அகற்றப்பட்டவருக்கும் புண் ஏதும் இல்லாத இடத்தில் வலி நீடிப்பதுண்டு. வலியாக உணர்வது மூளையே. ஆகவே அவ்வலி பொய்யென்று ஆகிவிடாது. துறைமுகத்தில் உழைத்துத் தேய்ந்த ஒருவர் எரிச்சலால் உறங்கவில்லை என்று சொன்னால், வீட்டார் அதனை நம்ப வேண்டும்.

இம்முறையில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை, உருப்பெருக்கி வெயிலைக் குவித்துத் தாளைக் கருக்குவது போன்றது. தலைக்கவசம் போன்ற கருவியிலுள்ள 1024 ஒலி உமிழிகள், மண்டையோட்டைத் திறக்காமலேயே மூளையின் ஆழத்தில் சிறு புள்ளியைச் சூடாக்கி அழிக்கின்றன. எம்.ஆர்.ஐ. கருவிக்குள், நோயாளி விழித்திருக்கும்போதே இது நடைபெறுகிறது. நரம்பு வலியுள்ள ஒன்பது பேருக்குச் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இவ்வாறு செய்யப்பட்டதை 2009-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். அழித்த இடம் மீளாது. ஆதலால் எளிதில் முடிவெடுக்கத்தக்கதன்று.

இரண்டாம் வகையில் எதுவும் அழிக்கப்படுவதில்லை. மெல்லிய ஒலி நரம்பணுக்களின் செயலைச் சிறிது மாற்றுகிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், நாட்பட்ட வலியுள்ள 20 பேருக்கு, வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப்பகுதியில் இது சோதிக்கப்பட்டது; முடிவு 2024-இல் வெளியானது. முதல் நாளில் 60 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க தணிவு கிட்டியது. ஒலி செலுத்தாமல் செலுத்துவதுபோல் பாவனை செய்தபோதும் 15 விழுக்காட்டினருக்கு அவ்வாறே கிட்டியது.  நம்பிக்கை தரும் தொடக்கம் என்றே நாங்கள் கருதுகிறோம். ஆயினும் இருபது பேரைக் கொண்டு ஒரு சிகிச்சையை ஊருக்கு உரைக்க இயலாது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் ராயல் கேர் மருத்துவமனையில் முதல் வகை கைந்நடுக்கத்திற்குப் பயன்படுத்தப்படுகிறது. வலிக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. எனவே "மூளை அல்ட்ராசவுண்டால் வலி நிச்சயம் போகும்" என்று எவரேனும் பெருந்தொகை கேட்டால், நகையை அடகு வைக்கும் முன் எங்களிடம் வந்து கேளுங்கள். ஆய்வு என்று அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வுக்கான செலவைப் பங்கேற்பவரிடம் வாங்கலாகாது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டாரோடு கலந்து பேச அவகாசமும் வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கரோ தலைக்குள் உலோகக் கிளிப்போ இருந்தால் முதலிலேயே தெரிவியுங்கள்.

இதனை எதிர்பார்த்து, இப்போது உண்ணும் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். பிரிகாபலின், காபாபென்டின், மார்ஃபின் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் உடல் கடுமையாகத் தடுமாறும். அளவைக் குறைப்பதெனில் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.