கதை வாசிக்கும் தங்கச்சிக்கு: மைக்கை ஆன் பண்ணும் முன்

தமிழ்க் கதைகளை வாசித்துப் பதிவு செய்து யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் போடுகிற தங்கச்சிகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து மொபைலில் பதிவு செய்கிற உழைப்பு அது. கண் மங்கிய பெரியவர்களும், தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாமல் வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகளும் உங்கள் குரலில்தான் கல்கியைக் கேட்கிறார்கள். இவ்வளவு நல்ல வேலை உரிமைச் சிக்கலில் ஒரே நாளில் காணாமல் போகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கதையை எடுத்தாலும், யார் ஒப்பந்தம் நீட்டினாலும், உரிமை யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடு.

கதை யாருடையது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன்படி எழுத்தாளர் வாழும் காலம் முழுக்கவும், மறைந்த பிறகு 60 ஆண்டும் உரிமை அவருக்கும் வாரிசுகளுக்கும் உண்டு. அந்த 60 ஆண்டு, அவர் மறைந்ததற்கு அடுத்த ஜனவரி 1-இல் தொடங்கும். புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். 2008-உடன் காலம் முடிந்தது. கல்கி 1954, 2014-உடன் முடிந்தது. கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு அதற்கு முன்பே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. நாட்டுடைமை என்றால் வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம் என்று திறந்துவிடுவது. நாட்டுடைமைப் பட்டியலில் இருக்கிறவர்களை நீ தைரியமாக வாசிக்கலாம்.

சுஜாதா அப்படி இல்லை. 2008-இல் மறைந்தவர், 2068 முடியும் வரை உரிமை இருக்கிறது. ஜெயகாந்தன் 2015, 2075 முடியும் வரை. "இந்தப் புத்தகம் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை, அதனால் வாசிக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். அச்சில் இல்லாமல் போனாலும் உரிமை போகாது. "காசுக்காகச் செய்யவில்லை, இலக்கியத்துக்காகச் செய்கிறேன்" என்பதும் நிற்காது. ஒரு நாவலை முழுவதுமாக வாசித்து ஊருக்கே கேட்கக் கொடுப்பது, விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும், உரிமையாளர் அனுமதி தேவைப்படுகிற வேலைதான். விமர்சனம் செய்யும்போது சில பத்திகளை வாசித்துக் காட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது வேறு, முழுக்கதை வேறு.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. டால்ஸ்டாயின் மூலம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் நீ வாசிக்கப்போகும் தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருடையது. அதேபோல் 'பொன்னியின் செல்வன்' எழுத்தை வாசிக்கலாம்; தம்ப்நெயிலில் மணியம் வரைந்த வந்தியத்தேவனை எடுத்து ஒட்டுகிறார்களே, அது தனி. ஓவியர் மணியம் மறைந்தது 1968-இல். அவர் ஓவியங்களுக்கான காலம் 2028 வரை ஓடுகிறது. பழைய நாவலின் புதுப்பதிப்பில் இருக்கும் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் அவற்றை எழுதிய பதிப்பாசிரியருடையவை. கதையை மட்டும் வாசி, அவற்றை விட்டுவிடு. வாசிக்கப் பிரதி வேண்டுமென்றால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. டெலிகிராம் குழுவில் சுற்றும் ஸ்கேன் பிடிஎஃப் வேண்டாம். வாழும் எழுத்தாளரின் வயிற்றில் அடிக்கிற வேலை அது.

அனுமதி கேட்பது எப்படி?

வாழும் எழுத்தாளர்களில் பலர் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கேட்கும் முறைதான் முக்கியம். போனில் "சரிம்மா, வாசிங்க" என்று சொன்னதோடு விட்டுவிடாதே. அன்றைக்கே ஒரு மெயில் அனுப்பு: எந்தக் கதை, எந்தச் சேனல், ஒலி மட்டுமா காணொளியுமா, விளம்பர வருமானம் வந்தால் அவருக்கு என்ன பங்கு, எவ்வளவு காலம். "மேற்கண்டபடி சம்மதம்" என்று அவர் ஒரு வரி பதில் எழுதினால் போதும், அதைப் பத்திரப்படுத்து. பதிப்பாளரிடம் கேட்டால், "ஒலி உரிமை உங்களிடம் இருக்கிறதா, எழுத்தாளரிடமா?" என்றும் கேட்டுவிடு. நிறையப் பதிப்பாளர்களிடம் அச்சு உரிமை மட்டும்தான் இருக்கும். அவர்கள் கொடுக்கும் ஒலி அனுமதி செல்லாது. எழுத்தாளர் மறைந்திருந்தால் வாரிசுகளில் ஒருவர் மட்டும் தலையாட்டினால் போதாது. எல்லார் சார்பாகவும் பேசுகிற உரிமை அவருக்கு இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டு, அதையும் எழுத்தில் வாங்கு.

பின்னணி இசை

சோகக் காட்சிக்குச் சினிமாப் பின்னணி இசையைப் போடாதே. "பத்து விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. டிஸ்கிரிப்ஷனில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டு நன்றி சொன்னாலும் அது அனுமதி ஆகாது. யூடியூப் ஸ்டுடியோவிலேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது, அதிலிருந்து எடு. சில துண்டுகளுக்கு மட்டும் பெயர் குறிப்பிடச் சொல்லியிருப்பார்கள், குறிப்பிட்டுவிடு. தம்ப்நெயிலுக்கான எழுத்துருவிலும் கவனம் வேண்டும். நோட்டோ தமிழ், கேடமரான், முக்தா மலர், பாலூ தம்பி எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை.

கிளெய்ம் வந்தால், ஸ்ட்ரைக் வந்தால்

இரண்டும் ஒன்றில்லை. கன்டென்ட் ஐடி கிளெய்ம் என்பது இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்துப் போடுவது. அதனால் வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ மறைக்கப்படலாம். சேனலுக்கு ஆபத்து இல்லை. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லி, யூடியூப் நீக்கியது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

ஸ்ட்ரைக் வந்ததும் பயந்துபோய் எல்லாவற்றையும் அழிக்காதே. வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் அழியாது. தவறு உன் பக்கம் என்றால் உரிமையாளருக்கு மரியாதையாக எழுதி, புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று கேள். நியாயம் உன் பக்கம் என்றால், அனுமதி மெயிலோடு எதிர் அறிவிப்பு அனுப்பு. அதன்பிறகு 10 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவர்கள் சட்ட நடவடிக்கை எடுத்ததாகக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும். இயந்திரம் தப்பாகப் பிடிக்கிற நேரங்களும் உண்டு. நாட்டுடைமையான கதையை நீயும் வேறொருவரும் வாசித்திருந்தால், "என் கதை" என்று அவர் சொல்ல முடியாது. அவருடைய பதிவு மட்டும்தான் அவருடையது.

உன் குரல் உன்னுடையது

நீயே ஏற்பாடு செய்து பதிவு செய்திருந்தால், அந்த ஒலிப்பதிவின் உரிமை உன்னுடையது. வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுக்கு. நிகழ்த்துபவர் என்ற முறையில் வாசிப்பின்மேல் 50 ஆண்டு உரிமை தனியாகவும் உண்டு. இதற்கெல்லாம் அரசிடம் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. உருவான நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. நீயே கதையும் எழுதுகிறாய் என்றால், ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டி டெல்லியில் இருக்கும் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே பதிந்துகொள்ளலாம். நீதிமன்றத்தில் அது முதல்நிலைச் சான்றாக நிற்கும். முக்கியமான படைப்புகளுக்கு மட்டும் செய்தால் போதும்.

உன் பதிவை யாராவது எடுத்துத் தன் சேனலில் போட்டால் கமெண்டில் போய்ச் சண்டை போடாதே. ஸ்கிரீன்ஷாட் எடு, லிங்க்கைக் குறித்துக்கொள், மூலப் பதிவின் தேதியைக் காட்டி முறைப்படி புகார் கொடு. இந்திய விதிகளின்படி, சரியான எழுத்துப்பூர்வப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அதை மறைக்க வேண்டும். ஆனால் அது 21 நாளுக்குத்தான். அதற்குமேல் நீடிக்க நீதிமன்ற ஆணை வேண்டும்.

ஒப்பந்தம் வந்தால்

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். கேட்பவர்கள் கூடியதும் ஏதாவது ஒரு ஆப் கம்பெனி வரும். ஒரு கதைக்கு இவ்வளவு என்று சொல்லும். சந்தோஷத்தில் பத்துப் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்தப் பத்துப் பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, அவர்கள் வாங்குவது உரிமையையா, பயன்படுத்தும் உரிமத்தையா என்பது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் உன் குரலை உன் சேனலிலேயே போட முடியாது. 'எக்ஸ்க்ளூசிவ்' என்று இருந்தால் அந்தப் பதிவு வேறெங்கும் போகக் கூடாது என்று பொருள். அதற்குத் தகுந்த காசு கொடுக்கிறார்களா என்று பார். காலம், எந்த நாடுகள், எவ்வளவு ராயல்டி என்று மூன்றும் எழுதியிருக்க வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கிவைத்துக்கொண்டு ஓராண்டுக்குள் பயன்படுத்தவே இல்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, உரிமை உன்னிடம் திரும்பும். காலம், இடம் பற்றிய பாதுகாப்பை "நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும்" என்ற ஒரே வரி அடித்துக்கொண்டு போய்விடும். அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் இப்போது சேர்த்தே கேட்க வேண்டும். உன் பதிவுகளை வைத்துச் செயற்கைக் குரல் தயாரிக்க மாட்டோம், அதற்காக வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தரச் சொல். வாய்வார்த்தை போதாது. அதற்குச் சம்மதிக்காத கம்பெனிக்கு உன் குரலைக் கொடுக்காதே. பணம் எவ்வளவு என்றாலும் என் பதில் இதுதான்.

மூலக் கோப்பு உன்னிடம்

தளங்களை நம்பிப் பயன்படுத்தலாம், அவற்றை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடையானபோது, வேறு பிரதி வைத்திருக்காதவர்களின் வீடியோக்கள் அவர்களுக்கே எட்டாமல் போயின. ஒரு காலத்தில் உலகமே பாட்டுப் போட்ட மைஸ்பேஸ், 2016-க்கு முன் ஏற்றிய பாடல்களைச் சர்வர் மாற்றத்தில் இழந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. காசு கொடுத்து வாங்கியதற்கும் இதே கதிதான்: மைக்ரோசாஃப்ட் 2019-இல் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நூல் திரும்பவில்லை.

அதனால் எம்பி3-யை மட்டும் வைத்திருக்காமல், எடிட் செய்யாத வேவ் கோப்பையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வை. இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும், அம்மா வீட்டில் என்றாலும் சரி. பாடுபட்டு எழுதிய ஸ்கிரிப்ட்டை யூனிகோடில் சேமி. பழைய பாமினி எழுத்துருவில் கிடப்பதை இப்போதே மாற்றிவிடு. சேனல் வைத்திருக்கும் கூகுள் கணக்கில் மீட்பு எண் உன்னுடையதாக இருக்கட்டும், எடிட் செய்து தரும் தம்பியுடையதாக வேண்டாம். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் கொண்டுவந்திருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கு. கூகுள் டேக்அவுட்டில் போய் உன் சேனலின் வீடியோக்கள் அத்தனையையும் இறக்கி வை. பிறகு இதுவரை வாசித்த கதைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக நாட்டுடைமையா, காலம் முடிந்ததா, அனுமதி மெயில் இருக்கிறதா என்று எழுது. மூன்றும் இல்லாத கதைகளை 'பிரைவேட்' ஆக்கிவிட்டு, அந்த எழுத்தாளர்களுக்கு இன்றே மெயில் அனுப்பு.