கடைசி நொடி உதையும் நெஞ்சுரமும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையால் எறிவதும் இடுக்கிக்கொண்டு ஓடுவதும்தான் முக்கால்வாசி ஆட்டம். கிக்கர் ஓரமாக நிற்பார். கூப்பிட்டால் வந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைத்தனுப்பி 3 புள்ளி வாங்கித் தருவார். அந்த உதை கடைசி நொடிகளில் வந்துவிட்டால் போச்சு. உள்ளே போனால் இரும்பு மனிதன், போகாவிட்டால் தொடைநடுங்கி.

நம்பிக்கை: நெருக்கடி வந்தால் சில கிக்கர்களின் ஆட்டம் இன்னும் கூடும்.

உண்மை: இதற்கு எல்லோரும் கைகாட்டும் ஆள் ஆடம் வினாட்டியேரி. 2002 சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் கடைசி நொடியில் 48 கெஜத்திலிருந்து அடித்து நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2004-இல் மறுபடியும் சூப்பர் பவுல். 4 நொடி மிச்சமிருக்க 41 கெஜம், மறுபடியும் கோப்பை. ஆனால் அதே 2004 ஆட்டத்தின் முதல் பாதியில், வெறும் 31 கெஜத்தில் ஒன்றைக் கோட்டைவிட்டார், இன்னொன்று தடுக்கப்பட்டது. முதல் பாதியை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

அவருடைய 24 சீசன்களைக் கூட்டிப் பாருங்கள். வழக்கமான லீக் ஆட்டங்களில் 715 உதைகளில் 599 உள்ளே: 83.8 சதவீதம். நாக்-அவுட் ஆட்டங்களில் 69-க்கு 56: 81.2 சதவீதம். கூடவில்லை, ஒரு நூல் குறைந்தேயிருக்கிறது. இதை வைத்து அவர் தடுமாறினார் என்று எழுதினால் அதுவும் தப்பு. அந்த 69-இல் இன்னும் இரண்டே இரண்டு உள்ளே போயிருந்தால் கணக்கு 84-ஐத் தாண்டியிருக்கும். இரண்டு பந்தில் புரளும் கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர் நெஞ்சுரத்தை எப்படி அளப்பது? பனிக்காலத்து நாக்-அவுட்டிலும் வழக்கம்போலவே உதைத்தார் என்பதே என் பார்வையில் பெரிய பாராட்டு.

நம்பிக்கை: ஒரே உதையில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

உண்மை: 1998 சீசனின் லீக் ஆட்டங்களில் மினசோட்டா வைக்கிங்ஸின் கேரி ஆண்டர்சன் 35-க்கு 35 அடித்தார். நாக்-அவுட்டில் 38 கெஜ உதை ஒன்று தவறியது. இன்றும் அவர் பெயரோடு ஒட்டியிருப்பது அதுதான். அப்போது அவர் அணி 7 புள்ளி முன்னிலையில் இருந்தது என்பதும், பிறகு அதைக் காப்பாற்றத் தவறியது தற்காப்பு என்பதும் பேச்சில் வருவதில்லை.

நம்பிக்கை: தவறினால் பதற்றம்தான் காரணம்.

உண்மை: பந்தைப் பின்னால் எறிபவர், பிடித்து நிறுத்துபவர், உதைப்பவர் என மூவரின் வேலை அது, எல்லாம் ஒன்றரை நொடிக்குள். 2016 ஜனவரியில், மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் குளிரில், பிளேர் வால்ஷ் 27 கெஜத்தில் தவறவிட, வைக்கிங்ஸ் 9-10 என்று தோற்றது. பிடித்து நிறுத்தியபோது பந்தின் தையல் தவறுதலாக அவர் பக்கம் திரும்பியிருந்தது. அந்த 9 புள்ளியும் அவர் அடித்ததே.

2019 ஜனவரியில் சிகாகோ பேர்ஸின் கோடி பார்க்கி கதை இன்னும் மோசம். 43 கெஜத்தில் முதலில் உதைத்தது உள்ளே போனது. ஆனால் அதற்குச் சற்று முன்பே எதிரணி டைம்-அவுட் கேட்டிருந்ததால் செல்லுபடியாகவில்லை. மறுபடி உதைத்தது கம்பத்தில் பட்டு, குறுக்குச் சட்டத்தில் பட்டு, வெளியே விழுந்தது. சொந்த ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள். மறுநாள் லீக் தன் பதிவேட்டைத் திருத்தியது: பந்தில் எதிரணி வீரரின் விரல் பட்டிருக்கிறது, ஆகவே அது தடுக்கப்பட்ட உதை. அடுத்த சீசனுக்கு முன்பே சிகாகோ பார்க்கியை அனுப்பிவிட்டது.