பிள்ளைகள் குளிக்கிற கடல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

இராமேசுவரம் வரும்போது பிள்ளைகளை அரிச்சல்முனையில் குளிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது. கடிதத்தை இதோடு முடித்துவிடலாம்தான். காரணம் சொல்லாவிட்டால் நீ கேட்கிற ஆளா?

அரிச்சல்முனைக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017-ல் சாலை திறந்தபிறகு வண்டி கடைசிவரை போகிறது. வழியில் 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டு. இடப்பக்கம் குளம் மாதிரிக் கிடப்பது பெண்கடல், வலப்பக்கம் சீறுவது ஆண்கடல் என்பார்கள் ஊரில். "இடப்பக்கம் சாதுவாகத்தானே இருக்கிறது, முழங்கால்வரை நனைத்தால் என்ன?" என்பாய். இரண்டு நீரும் முட்டிக்கொள்கிற இடம் அது. அடியில் நீரோட்டம் இழுக்கும், காலடி மணல் சரியும். அங்கே எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது மாப்பிள்ளை சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பதற்கில்லை.

குளிக்க அரியமானுக்கு வா. பாம்பன் பாலம் தாண்டி இராமநாதபுரம் பக்கம் வந்தால், உச்சிப்புளி அருகே வடக்கே பிரிகிற சாலை. சவுக்குத் தோப்பு நிழல், அதை ஒட்டி மணல், அப்புறம் பாக் விரிகுடா. "அலையே இல்லை, இதெல்லாம் ஒரு கடலா?" என்று பெரியவன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூட ஆழமில்லாத விரிகுடா. கிழக்கே இலங்கையும் தெற்கே மணல்திட்டுகளும் பெருங்கடல் அலையை மறித்து நிற்கின்றன. சின்னவள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து விளையாடலாம். அதற்காக நீ தோப்பில் படுத்துத் தூங்கிவிடாதே!

கரையில் கால் வைத்ததும் "ஒரே குப்பை" என்பாய், எனக்குத் தெரியும். பழுப்பு நாடா மாதிரிக் காய்ந்து குவிந்திருப்பது கடற்புல். ஈரமாக இருந்தால் கெண்டைக்காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் எடுத்துப் போட்டால் போயிற்று. கடல்பசு தின்பது இதைத்தான். அதைக் காப்பதற்கென்றே 2022-ல் இந்த விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக, அரசு ஒரு காப்பகம் அறிவித்தது. குப்பை என்று திட்டுவதானால் உன் வீட்டுப் பிள்ளைகள் போடுகிற சிப்ஸ் உறையைத் திட்டு.

கடலில் சொறிமீன் பட்டால் மணலை வைத்துத் தேய்க்காதே. கடல்நீரிலேயே கழுவு, வலி நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டு. அரையாண்டு விடுமுறையில் வராதே. அப்போது வாடைக்காற்று இந்த விரிகுடாவைக் கலக்கிவிடும், இந்தச் சாதுவும் கொந்தளிக்கும். முழுஆண்டு விடுமுறைதான் தோது. காலையிலேயே வந்துவிடு, வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது.

இதெல்லாம் அண்ணன் சொன்னது என்று மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் அரிச்சல்முனையில்தான் குளிப்பேன் என்று நிற்பார்.

அன்புடன்,
அண்ணன்