மின்சார அலகும் இல்லத்தின் செலவுக் கணக்கும்

களுபோவில, தெகிவளை, வெள்ளவத்தை ஆகிய இடங்களில் வாழும் இல்லத்தலைவியர் பலர், அரிசியையும் தேங்காயையும் எண்ணிக் கணக்குப் பார்த்து வாங்குகின்றனர். மின்சாரத்தை மட்டும் எண்ணாது வாங்குகின்றனர். மாத முடிவிற் பட்டியல் வரும்போதே எவ்வளவு வாங்கினோம் என்பது தெரியவருகிறது. அப்போது அதைக் குறைக்க வழியில்லை. மின்சாரத்தையும் அரிசியைப் போல அளந்து செலவிடும் முறையை இப்பிரசுரம் விளக்குகிறது.

மின்சாரம் அலகு என்னும் அளவால் விற்கப்படுகிறது. ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவி ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். நூறு வாற்றுக் கருவியாயின் பத்து மணித்தியாலம் இயங்கலாம். கருவியின் பின்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் வாற்று எண் காணப்படும். அதனை மணிக்கணக்காற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அலகு கிடைக்கும். இதற்கு மேல் விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

மின்சாரம் வழங்குவோருள் ஒன்று, லெக்கோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும், 1983ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கம்பெனியாகும். கட்டண வீதங்களை அங்கீகரிப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆதலால் மின்சாரம் தருபவர் எவராயினும் இல்லங்களுக்கான விலைப்படி ஒன்றே. களுபோவிலயில் இருப்பவரும் கொழும்பு மாநகர எல்லைக்குள் வெள்ளவத்தையில் இருப்பவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தலாம்.

படிமுறைக் கட்டணம்

இந்நாட்டில் இல்லங்களுக்கான மின்சாரத்துக்கு ஒரே விலை இல்லை. 30, 60, 90 எனப் படிகள் வகுக்கப்பட்டு, ஏற ஏற விலையும் ஏறும். இதனைப் பலர் அறிவர். அறியாத செய்தி யாதெனின், ஒரு படியைத் தாண்டியதும் மாதாந்த நிலைக் கட்டணமும் சேர்ந்து உயர்கிறது என்பதும், 60 அலகைத் தாண்டியவர்க்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை கணிக்கப்படுகிறது என்பதுமாகும்.

கணக்கு விளங்கும்பொருட்டு 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நடைமுறைக்கு வந்த வீதங்களை இங்கு எடுத்துக்கொள்வோம். (வரிகள் சேர்க்கப்படவில்லை.) 60 அலகுக்கு உட்பட்டவர்க்கு முதல் 30 அலகும் அலகொன்று 30 ரூபா, அடுத்த 30 அலகும் 37 ரூபா, நிலைக் கட்டணம் 550 ரூபா. எனவே 60 அலகு செலவிட்டவர் 2,560 ரூபா செலுத்தினார். 61 அலகு செலவிட்டவருக்கோ எல்லா அலகும் 42 ரூபாவாகி, நிலைக் கட்டணம் 650 ரூபாவாகி, மொத்தம் 3,212 ரூபாவாயிற்று. ஒரேயோர் அலகின் விலை 652 ரூபா!

அடுத்த படி இன்னும் செங்குத்தானது. 90 அலகுக்கு 4,430 ரூபா. 91ஆவது அலகின் விலை 50 ரூபாவே. ஆயினும் நிலைக் கட்டணம் 1,500 ரூபாவாக உயர்ந்ததால் பட்டியல் 5,330 ரூபாவாயிற்று. மாதத்தின் கடைசி நாளில் ஒரு மணித்தியாலம் துணி அழுத்தியதற்கு 900 ரூபா கொடுத்தவர்கள் இருந்திருப்பர்; காரணத்தை அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

இதே 90 அலகுக்கு 2022 ஆகஸ்ட் மாதத்துக்கு முன் 861 ரூபாவே கொடுக்க வேண்டியிருந்தது. அம்மாத உயர்வின்பின் 1,800 ரூபா. பெப்ரவரி உயர்வின்பின் மேலே கண்ட 4,430 ரூபா. ஆறு மாதத்துள் ஐந்து மடங்கு ஏறியது. சம்பளமோ ஓய்வூதியமோ அவ்வாறு ஏறவில்லை. அதன் பின்னர் வீதங்கள் பலமுறை குறைந்தும் கூடியும் வந்துள்ளன. ஆனாற் படிமுறை நீங்கவில்லை. ஆகையால் உங்கள் பட்டியலிற் காணும் வீதங்களை மேற்காட்டிய எண்களுக்குப் பதிலாக இட்டு, உங்கள் வீட்டுக்குரிய படிகளை ஒருமுறை கணித்து, அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று. பட்டியலுக்குரிய நாட்கள் முப்பதுக்குக் கூடினும் குறையினும் படிகளும் அதற்கேற்ப நீட்டியும் குறுக்கியும் கணிக்கப்படும் என்பதை மறவாதிருக்க.

அலகுகள் எங்கே போகின்றன?

நால்வர் வாழும் வீடொன்றை உதாரணமாகக் கொள்வோம். குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.2 அலகு கொள்ளும், மாதத்துக்கு 36. எழுபத்தைந்து வாற்றுக் கூரை விசிறிகள் இரண்டு, நாளுக்கு எட்டு மணித்தியாலம் சுழன்றால் அதுவும் மாதத்துக்கு 36. சோறு சமைக்கும் மின்பானை பத்தரை. ஒன்பது வாற்று எல்ஈடி மின்குமிழ்கள் ஆறு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் எட்டு. தொலைக்காட்சி ஏழு. கிணற்றிலிருந்து தாங்கிக்கு நீரேற்றும் அரைக் குதிரைவலு இயந்திரம் நாளுக்கு அரை மணித்தியாலம் ஓடினால் ஒன்பது. துணி அழுத்துவது நான்கு. ஆக 111 அலகு வரையில் வரும்.

இக்கணக்கைக் கண்ட இல்லத்தலைவியர் வியப்பது விசிறியைப் பற்றியே. அழுத்தியும் மின்பானையும் சூடாகின்றன. ஆதலால் அவையே மின்சாரத்தை உண்கின்றன என்று எண்ணி அவற்றின் மேல் எல்லாரும் கண்ணாயிருக்கின்றனர். விசிறியோ குளிர்ந்த பொருள். இரவு முழுவதும் சுழன்றாலும் எவரும் கவனிப்பதில்லை. உண்மையில் வலு சிறிதாயினும் நேரம் நீண்டதாயின் செலவு பெரிதாகும்.

கடைகளிற் பிஎல்டிசி எனச் சொல்லப்படும் புதுவகை மோட்டார் விசிறி முப்பது வாற்று அளவிலேயே அதே காற்றைத் தரும். மேற்சொன்ன வீட்டில் இரு விசிறிகளையும் மாற்றினால் மாதம் 21 அலகுக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சமாகி, மொத்தம் 89க்கு இறங்கும். 2023 வீதப்படி 111 அலகுக்கு 6,330 ரூபா; 89 அலகுக்கு 4,388 ரூபா. அவ்விசிறியின் விலை சாதாரண விசிறியிலும் அதிகமே. ஆயினும் படியொன்றை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு அது விரைவில் ஈடாகும். நாற்பது அலகுக்குள் வாழும் வீட்டுக்கு அவ்வளவு பயன் இல்லை. அவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. பழைய சுழல் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்திருப்போர் ஒன்று அறிக: வேகத்தைக் குறைக்கும்போது மிஞ்சும் வலுவிற் பெரும்பகுதி அப்பெட்டியிலே சூடாகி வீணாகிறது. இலத்திரனியல் வகையில் இக்குறை இல்லை.

குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தல் தவறு. பின்புறத்து வெப்பம் வெளியேற ஒரு சாண் இடைவெளி விடுக. கதவு இறப்பரினிடையே ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பார்க்க. எளிதாக வழுகி வந்தால் இறப்பர் கெட்டுவிட்டது. வெந்நீர்க் குளியற் கருவி வைத்திருப்போர், 3,500 வாற்றுக் கருவி பத்து நிமிடத்தில் அரை அலகுக்கு மேற் கொள்ளும் என்பதை அறிந்து பயன்படுத்துக.

வீட்டுத் தோட்டமும் நீரிறைக்கும் இயந்திரமும்

சில பேர்ச்சு நிலத்தில் வல்லாரை, பசளி, மிளகாய், கறிவேப்பிலை வளர்ப்போர் நீரிறைக்கும் இயந்திரத்தைக் குழாயோடு பூட்டிப் பாத்திகளுக்கு நேரே பாய்ச்சுவதைக் காண்கிறோம். இது வேண்டாத செலவு. அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும் சிறு பாத்திக்குப் பெரும்பாலும் போதும். மிஞ்சிய தேவைக்குத் தாங்கி நீரை மாலையில் வாளியால் ஊற்றுக. வேரடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

இயந்திரம் ஓடியும் நீர் ஏறத் தாமதமானால் கிணற்றடிக் குழாயின் அடைப்பிதழ் ஒழுகுகிறது என்று கொள்க. அரை மணி ஓட வேண்டியது ஒரு மணி ஓடினால் மாதம் ஒன்பது அலகு மேலதிகமாகும். இயந்திரத்தின் கம்பி ஈரத்திற் கிடக்கலாகாது. ஈரக் கையோடு ஆளியைத் தொடலாகாது. வீட்டின் ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துக. அது உடனே விழாவிடின் மின்வினைஞரை அழைப்பதில் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

ஒரே மானியில் இரு குடும்பங்கள்

களுபோவிலயிலும் வெள்ளவத்தையிலும் மேல்மாடியை வாடகைக்கு விடுவது வழக்கம். இரு குடும்பங்களும் ஒரே மானியில் இருப்பின் படிமுறை இருவரையும் தண்டிக்கும். ஒவ்வொரு குடும்பமும் 55 அலகு செலவிடுகிறது எனக் கொள்க. தனித்தனி மானியாயின், 2023 வீதப்படி ஒவ்வொருவருக்கும் 2,375 ரூபா, இரண்டும் 4,750. ஒரே மானியாயின் 110 அலகுக்கு 6,280 ரூபா. இருவரும் சிக்கனமாக இருந்தும் மாதம் 1,530 ரூபா வீணாகிறது. பின்னர் வீட்டுக்காரர் கூட்டிக் கேட்கிறார் என்று குடியிருப்போரும், குடியிருப்போர் வீண்செலவு செய்கின்றனர் என்று வீட்டுக்காரரும் மனம் கசக்கின்றனர். குற்றம் இருவரிலும் இல்லை. மேல்மாடி தனி வாசலும் தனி அடுப்படியும் உடையதாயின், உரிமையாளரின் சம்மதத்துடன் தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பதே முறை. அதுவரை உபமானி ஒன்றைப் பூட்டி, மொத்தப் பட்டியலை இருவரின் அலகு விகிதப்படி பிரிப்பது நீதியானது. எழுதிக் கையொப்பமிட்டு வைத்தால் உறவும் கெடாது.

மின்தடைக் காலம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று பட்டதால் நாடு முழுவதும் இருண்டது. இத்தகைய வேளையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிர் நிற்கும். நிறைந்த உறைபெட்டியாயின் இரண்டு நாள் வரை தாங்கும்.

நீரிழிவுக்காக இன்சுலின் வைத்திருப்போர் அச்சங்கொள்ள வேண்டியதில்லை. பயன்படுத்தத் தொடங்கிய குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியே நிழலில் வைக்கலாம்; உறையிலுள்ள அறிவுறுத்தலைப் பார்த்துக்கொள்க. திறவாத குப்பிகளுக்கே 2 முதல் 8 பாகை வரையான குளிர் தேவை. அவற்றைப் பனிக்கட்டியில் நேரே படும்படி வைக்கலாகாது. உறைந்த இன்சுலின் பயனற்றது. துணியிற் சுற்றி, பனிக்கட்டிப் பொதியுடன் மூடிய பெட்டியில் வைக்க. ஈர மண்பானை முறை உலர்ந்த பிரதேசங்களில் நன்கு பயன்படும். கொழும்பின் ஈரக் காற்றில் நீர் விரைந்து ஆவியாகாமையால் அதன் குளிர்ச்சி சொற்பமே. திறவாத குப்பிக்கு அதனை நம்ப வேண்டாம்.

மானி வாசிக்கும் முறை

ஞாயிறு காலையில் மானியின் எண்ணைப் பஞ்சாங்கத்தின் ஓரத்திற் குறிக்க. சுழலும் தட்டுடைய பழைய மானியில் சிவப்புக் கட்டத்து இலக்கம் இருப்பின் அது பத்திலொரு பங்கு, அதனை விடுக. அடுத்த ஞாயிறு எண்ணிலிருந்து கழித்தால் வாரச் செலவு. மாதம் 90க்குள் நிற்க விரும்புவோர்க்கு வாரம் 21 அலகு எல்லை. மூன்றாம் வாரத்தில் 63ஐத் தாண்டியிருந்தால், கடைசி வாரத்தில் விசிறியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் கட்டுப்படுத்த இன்னும் ஏழு நாட்கள் கையில் உள்ளன. எல்லா ஆளிகளையும் நிறுத்திக் குளிர்சாதனப் பெட்டியின் செருகியையும் கழற்றிய பின்னரும் மானி நகர்ந்தால், கம்பியில் எங்கோ மின் ஒழுக்கு உண்டு. அல்லது அயல்வீட்டு இணைப்பொன்று உங்கள் மானியில் ஓடுகிறது. அன்றே மின்வினைஞரைக் கொண்டு பார்க்க.