பழைய கணிப்பொறிக்குப் புதிய செயலி

பொறியாளர்களின் வரைபட வேலைக்கென்று செய்யப்பட்டவை ஒர்க்ஸ்டேஷன் கணிப்பொறிகள். அலுவலகங்கள் கழித்துவிட்ட பின் இவை சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். திட்டக்குடியில் எங்கள் வீட்டிலிருப்பது 2012-இல் வெளிவந்த எச்.பி. இசட்420. தம்பிக்கு அதில் கார்ப் பந்தயம் ஆட வேண்டும், ஆட்டமோ திணறுகிறது.

குறை எங்கே என்பதை முதலில் அறிதல் வேண்டும். படத்தின் நுணுக்க அளவைக் குறைத்தோம். அப்போதும் வேகம் கூடவில்லை. எனவே குறை கிராபிக்ஸ் கார்டில் அன்று, செயலியிலேயே எனத் தெளிந்தோம்.

செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளைக் கோர் என்பர். எங்களுடைய ஜியான் இ5-1620-இல் நான்கு கோர்கள். பன்னிரண்டு கோர் கொண்ட இ5-2697 வி2 வேண்டுமென்றான் தம்பி. ஆனால் விளையாட்டின் பெருஞ்சுமை ஓரிரு கோர்கள் மீதே விழும். வரப்பில் வரிசையாகக் கட்டுச் சுமக்கையில் முன்னே செல்பவர் நடைதானே மற்றவர்க்கும்! ஆகவே 2.7 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள அதைவிட, 3.5 கிகாஹெர்ட்ஸ் வேகமும் ஆறு கோர்களும் உடைய இ5-1650 வி2 சிறந்தது. வெப்ப அளவு பழையதற்கும் இதற்கும் 130 வாட்தான். குளிர்விப்பானை மாற்ற வேண்டாம்.

சாக்கெட்டில் பொருந்துவதெல்லாம் இயங்கிவிடாது. இந்த மாடலில் 'பூட் பிளாக்' தேதி 2013 என்றிருந்தால்தான் வி2 செயலி இயங்கும். 2011 எனில் இயங்காது. வழக்கமாக பயாஸைப் புதுப்பித்தாலும் அத்தேதி மாறுவதில்லை. தொடக்கத்தில் எஃப்10 விசையை அழுத்தி, 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் காணலாம். எங்களுடையதில் 2013 எனக் கண்ட பிறகே, அம்மா களையெடுத்துச் சேர்த்த கூலியைக் கேட்டோம்.

மாட்டும்போது பழைய வெப்பப் பசையைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாகத் தடவுக. பட்டாணி அளவு போதும்.